விளக்கப்படாத ஹோம் ரன்கள்

எமில் நோவாட்னி இந்த வருடம் நான்கு ஹோம் ரன் அடிப்பார் என்று எங்கள் பேஸ்பால் கிளப்பின் முன்கணிப்புத் துறை பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. மே ஒன்பதாம் தேதி அவர் ஐந்தாவதை அடித்தார். பந்து வலப்பக்க வேலியைத் தாண்டி, பீர் விற்கிறவனின் பனிக்கட்டித் தொட்டியில் போய் விழுந்தது. முப்பதாயிரம் பேர் எழுந்து நின்று கூவினார்கள். மூன்றாம் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், அந்தத் துறையின் பதினெட்டுப் பேர் எழுந்து நின்று கவலைப்பட்டார்கள்.

எமில் ஓங்கி அடிக்கிற ரகமே இல்லை. முப்பத்துநான்கு வயது. பந்தை லேசாகத் தொட்டு, ஆள் நிற்காத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, முதல் தளத்துக்கு, அதாவது முதல் பேஸுக்கு, ஓடுகிற ஆள். மட்டையை நுனியில் பிடிக்காமல் இரண்டு அங்குலம் மேலே ஏற்றிப் பிடிப்பார். ஒன்பது வருடத்தில் அவர் அடித்த ஹோம் ரன்கள் மொத்தம் இருபத்துமூன்று. ஹோம் ரன் அடித்தவன் நாலு தளத்தையும் மாப்பிள்ளை ஊர்வலம்போல மெதுவாகச் சுற்றி வருவதுதான் வழக்கம். பழக்கம் இல்லாததால் எமில் பர்ஸைப் பறித்தவன்போல ஓடி வருவார்.

நான் ஃபாரிஸ். மட்டை, தலைக்கவசம், துணிமணி எல்லாம் என் பொறுப்பு. என் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் டொலீடோவில் கம்பளம் விற்றவர்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன் அவன் கையைப் பார்க்கச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதனால் எமிலின் மட்டையைத் துடைக்கும்போதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மார்ச் மாதம் அவர் மனைவி லோரெட்டா கார் கதவைச் சாத்தியபோது அவருடைய வலக்கைச் சுண்டுவிரல் நடுவில் இருந்தது. விரல் மடங்கவில்லை. அது வெளியே தொங்கட்டும் என்று கையை மட்டையின் நுனிவரை இறக்கிவிட்டார். பிடி இறங்கியதும் மட்டை நீண்டது, வீச்சு கூடியது, பந்து தூரம் போனது. துடைப்பத்தால் ஒட்டடை அடித்த யாருக்கும் புரிகிற சங்கதி.

மறுநாள் காலை படிவம் ஏழு வந்தது. மேலே, 'விளக்கப்படாத வலிமை: வீரரின் தன்விளக்கம்' என்று போட்டிருந்தது. எமில் நாணயமான மனிதர். என் முதுகின்மேல் தாளை வைத்து எழுதினார்: 'சுண்டுவிரல் நசுங்கிவிட்டது. மட்டையை நுனியில் பிடிக்கிறேன்.'

சாயங்காலமே திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு முத்திரை: 'போதிய விரிவின்மை. குறைந்தது இருநூறு சொற்கள்.'

"இருநூறு சொல்லா?" என்றார் எமில். "நசுங்கினது ஒரே ஒரு விரல்தானே, ஃபாரிஸ்?"

ஆறாவது ஹோம் ரனுக்குப் பிறகு அவரை மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். துறைத் தலைவர் டாக்டர் பிரெஸ்டன் வைல்ஸ். விமான நிலையங்களில் பெட்டி வந்து சேரும் நேரத்தைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். காபி கேட்டால்கூட அறிக்கை வாசிப்பதுபோலத்தான் கேட்பார்.

"மிஸ்டர் நோவாட்னி," என்றார், "ஹோம் ரன் என்பது ஒரு சம்பவம். முன்கணிப்பு என்பது ஒரு நிலைப்பாடு. சம்பவங்கள் வரும், போகும். நிலைப்பாட்டை நம்பிப் பதினெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன."

"நான் வேணும்னு பண்ணல, டாக்டர்."

"அதுதான் எங்களுக்கும் வருத்தம். வேண்டுமென்று செய்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்போம்."

"இந்த விரலைக் கொஞ்சம் பாக்குறீங்களா?" எமில் கையை நீட்டினார். சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

டாக்டர் வைல்ஸ் பார்த்தார். பக்கத்திலிருந்த உதவியாளரும் பார்த்தார். பிறகு இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"எங்கள் அட்டவணையில் விரலுக்குக் கட்டம் கிடையாது," என்றார் டாக்டர்.

அதிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. எமிலின் இரத்தத்தை மூன்று முறை எடுத்தார்கள்; இரத்தமாகத்தான் இருந்தது. மட்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே மரம் இருந்தது. நெப்ராஸ்காவில் அவருக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சரைத் தேடிப் பிடித்து இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். பையன் கிரேயானைக் கேட்டால் கொடுத்துவிடுவான் என்று அந்த அம்மாள் சொன்னதை வைத்து முப்பத்தொரு பக்கத்துக்கு ஓர் இடைக்கால அறிக்கை வந்தது. தூங்கும்போது நெஞ்சில் ஒயர் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

"நடுவுல நான் படுத்துக்கலாமா," என்று லோரெட்டா ஆள் அனுப்பிக் கேட்டாள், "இல்ல, அதுக்கும் ஒரு படிவம் இருக்கா?"

இருந்தது. படிவம் ஒன்பது.

எதுவும் சிக்காததால் டாக்டர் வைல்ஸ் ஒரு கொள்கை கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஆளுக்கும் ஆயுளுக்கு இத்தனை ஹோம் ரன் என்று அளவு உண்டு. எமில் தன் எதிர்காலத்திலிருந்து எடுத்து அடிக்கிறார். அன்று முதல், பந்து வேலியைத் தாண்டிய மறுநாள் எமிலுக்கு ஒரு கடிதம் வரும்: 'நீங்கள் வருகிற மூன்றாம் ஆண்டின் இரண்டாவது ஹோம் ரனைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.' ஜூன் நடுவில் பதினேழு ஆனபோது, நாற்பத்தொன்றாம் வயதில் அடிக்க வேண்டியதையும் அவர் தீர்த்துவிட்டிருந்தார்.

அன்றைக்கு எங்கள் மேனேஜர் கஸ்ஸை மூன்றாம் மாடிக்கு அழைத்தார்கள். கஸ் எப்போதும் வாயில் சூரியகாந்தி விதை அடக்கியிருப்பவர். கீழே வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னார், விதைத்தோலை என் காலடியில் துப்பிக்கொண்டே.

"எமிலை அணியிலேர்ந்து விடுவிக்கப் போறாங்களாம். நான் கேட்டேன், 'பதினேழு அடிச்சிருக்கான்யா, இங்க வேற எவன் பத்தைத் தாண்டினான்?'னு. அதுக்கு அந்த ஆளு, 'அதுதான் கவலைக்குரியது, கஸ். சராசரி அவரைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. அது வந்து கதவைத் தட்டும்போது அவர் நம் வீட்டில் இருக்கக் கூடாது'ங்கிறான். 'அதுக்கு நம்ம விலாசம் தெரியுமா'ன்னு கேட்டேன். எழுதி வெச்சுக்கிட்டான்!"

வேறு கிளப் எடுத்துக்கொள்ளாதா என்று நினைக்காதீர்கள். எல்லாக் கிளப்பிலும் ஒரு மூன்றாம் மாடி இருக்கிறது. 'விளக்கப்படாதவர்' என்று முத்திரை விழுந்தவனை அவர்கள் மழையில் நனைந்த நாயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

எமிலிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காலணி நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"இன்னும் எழுபது நாள்தான், ஃபாரிஸ்," என்றார்.

எழுபது நாள் என்றால் என்ன என்று எங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும். பெரிய லீக்கின் அணிப் பட்டியலில் ஒருவன் பெயர் பத்து வருடம் நின்றுவிட்டால், அன்று ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் அவனை நடுவில் உட்காரவைத்து எல்லாரும் கோப்பையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான் சடங்கு. வந்தவர்களில் பத்தில் ஒருவன்கூட அந்த நாற்காலியில் உட்கார்வதில்லை. எமில் இந்தச் சீசனைத் தொடங்கும்போது நூற்றைம்பது நாள் பாக்கி. இதுவரை பதினொரு பேருக்குக் கோப்பைத் தட்டைத் தூக்கியவர் அவர்தான்.

"என் கோப்பைய நீதான் எடுத்துட்டு வரணும்னு நெனச்சிருந்தேன்," என்றார்.

என் அப்பாவிடம் ஒரு பழக்கம். எந்தக் கம்பளத்தை விற்றே தீரவேண்டுமோ அதன்மேல் பழைய துணியைப் போட்டு மூடிவைப்பார். "அது விக்கிறதுக்கு இல்லைங்க," என்பார். வந்தவன் அதைத்தவிர வேறு எதையும் வாங்கமாட்டான்.

லோரெட்டா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தகர டப்பா நிறையக் கொலாச்சி கொடுத்தனுப்புவாள். நடுவில் குழித்து, பிளம் பழக்கூழ் வைத்துச் சுட்ட செக் நாட்டவர்களின் பன். சும்மா பன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஊரில் பெண்களின் மானமே அதில்தான் இருக்கிறது. லோரெட்டா ஏழு வருடம் தொடர்ந்து மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியவள். கடையில் வாங்கின மாவு என்று ஒரு பேச்சு கிளம்பியதற்காக அவளுடைய சித்தி ஒருத்தி தேவாலயத்தையே மாற்றிக்கொண்டாளாம்.

மறுநாள் டாக்டர் வைல்ஸ் விடுவிப்புத் தாளோடு அறைக்குள் நுழைந்தார். நான் பதறிப்போனவன்போல டப்பாவின்மேல் துண்டைப் போட்டேன்.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல, டாக்டர்."

"ஒன்றுமில்லாததை ஏன் மூடுகிறீர்கள்?"

"மார்ச்சுலேர்ந்துதான் சாப்பிடறாரு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

டாக்டர் துண்டை இரண்டு விரலால் தூக்கினார். பன்னிரண்டு கொலாச்சிகள் அவரைப் பார்த்தன. அவர் முகத்தில் எந்த ஹோம் ரனுக்கும் வராத வெளிச்சம் வந்தது. தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்தார்.

"இதைச் சோதிக்க நாற்பது ஆட்டங்கள் தேவைப்படும்."

"நாப்பதா?" என்றேன். "உங்க இஷ்டம். பக்கத்து ஊர் கிளப்புல வெறும் ரொட்டிக்கே அம்பது ஆட்டம் பாத்தாங்கன்னு பேச்சு."

"அறுபது," என்றார் டாக்டர் உடனே.

அங்கேதான் தப்புச் செய்தேன். சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். இடையில் வரும் ஓய்வு நாட்களையும் சேர்த்து வீட்டில் கூட்டிப் பார்த்தபோது, நூற்றைம்பதுக்கு இரண்டு நாள் குறைந்தது. அப்பாவாக இருந்தால், "அப்ப வேணாம் டாக்டர், விடுங்க," என்று எழுந்து போய் எழுபது வாங்கியிருப்பார்.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் அணி பேஸ்பால் ஆடியதா, பலகாரம் தின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீரர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். பிளம், ஆப்ரிகாட், கசகசா. நாலாவது குழுவுக்குக் காலித் தட்டு. ஆனால் அவர்களும் பத்து நிமிடம் மெல்ல வேண்டும். மூன்றாம் தளத்தைக் காக்கிறவன் இருபது பவுண்டு ஏறி, தரையில் வந்த பந்தை வேண்டாத விருந்தாளிபோல வழியனுப்பிவைத்தான். லோரெட்டா தினம் ஐந்து தட்டு சுட்டாள். அவள் சமையலறைக்கு ஓர் ஆளை அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. 'இயற்கைச் சூழலைக் கலைக்கக் கூடாது' என்று டாக்டரே தடுத்துவிட்டார்.

"மாவு பிசைஞ்சு பிசைஞ்சு என் கை உன் கையவிடப் பெருசாயிடுச்சு," என்று எமிலிடம் சொன்னாளாம். "பேசாம நானே வந்து அடிச்சிட்டுப் போறேன்."

எமில் இன்னும் பத்து அடித்தார். மற்றவர்கள் அத்தனை பேருக்கும் குறைந்தது. இதிலிருந்து டாக்டர் வைல்ஸ் நிருபர்களைக் கூட்டி அறிவித்தார்: "கொலாச்சி வேலை செய்கிறது. ஆனால் மிஸ்டர் நோவாட்னியிடம் மட்டும். இதை நோவாட்னி விளைவு என்று அழைக்கிறோம். கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் கொலாச்சி இல்லாமல் நடக்கும். அதில் அவர் ஹோம் ரன் அடிக்காவிட்டால் எங்கள் முடிவு நிரூபணமாகும். கோப்பு மூடப்படும்."

ஒரு நிருபர் கேட்டார்: "கோப்பை மூடினப்புறம் எமில் என்ன ஆவார்?"

"விளக்கப்பட்டுவிடுவார். விளக்கப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?"

அந்தக் கடைசி ஆட்டம் நூற்றுநாற்பத்தெட்டாவது நாளில் வந்தது. மறுநாள் காலை அவர் பெயர் பட்டியலில் இருக்காது.

"ஒண்ணு அடிச்சாப் போதும், பெருசு," என்று பையன்கள் எமிலின் முதுகில் தட்டினார்கள்.

அதுதான் வினையாகிவிட்டது. வேண்டுமென்று ஹோம் ரன் அடிக்க எமில் வாழ்க்கையில் முதல் தடவையாக முயன்றார். பல்லைக் கடித்தார், கண்ணை மூடினார், மட்டையைச் சுழற்றினார். மூன்று முறை காற்றை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலாவது முறை பந்து பட்டது. முதல் தளக்காரன் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டான். மூன்றாம் மாடியில் கைதட்டினார்கள். எங்கள் ஆள் அவுட் ஆனதற்கு எங்கள் கட்டடத்திலேயே கைதட்டு விழுந்ததை அன்றுதான் கேட்டேன்.

ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் டாக்டர் வைல்ஸ் கோப்பு, முத்திரை, மைப்பெட்டி சகிதம் அறைக்கு வந்தார். கூடவே இரண்டு உதவியாளர்கள், மூன்று நிருபர்கள். லோரெட்டா காலி டப்பாக்களை எடுத்துப்போக வந்து கதவோரம் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். என்னிடம் மூடிவைக்க வேறு துண்டு இல்லை.

எமில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மடங்காத சுண்டுவிரல் முழங்காலின்மேல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. லோரெட்டா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். டாக்டர் முத்திரையை மையில் தோய்த்தார்.

"அதைக் குத்தாதீங்க, டாக்டர்," என்றாள்.

"ஏன்?"

"அது நான் செஞ்சது இல்ல."

"எது?"

அவள் முகம் காதுவரை சிவந்தது. "கொலாச்சி. ஜூன்லேர்ந்து பெட்ரோல் பங்குக் கடையில வாங்கினேன்."

எமில் துள்ளி எழுந்தார். வேறொருத்தனோடு ஊரைவிட்டு ஓடிப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் அப்படி அதிர்ந்திருக்க மாட்டார். "லோரெட்டா! என்ன பேசற நீ!"

"நீ உக்காரு!" என்று அதட்டினாள்.

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"எல்லாம்."

"எந்த பங்கில்?"

லோரெட்டா ஒரு கணம் யோசித்தாள். கம்பளக்கடையில் பிறந்திருக்க வேண்டியவள். "ஒரே பங்கா? எதுல சூடா இருந்துச்சோ அதுல. நாலஞ்சு பங்க் இருக்கும்."

முத்திரை டாக்டரின் கையிலேயே நின்றது. நாலைந்து மூலம். கலப்படமான மாதிரி. அறுபது ஆட்டமும் வீண். உதவியாளர்களில் ஒருவர் மைப்பெட்டியை மூடினார்.

"மறுபடி முதலிலிருந்து," என்றார் டாக்டர் வைல்ஸ். "அறுபது ஆட்டங்கள். அதுவரை மிஸ்டர் நோவாட்னியை யாரும் அசைக்கக் கூடாது."

சீசனில் பாக்கியிருந்தது முப்பத்தேழு.

இரண்டு நாள் கழித்து, நூற்றைம்பதாவது நாள் ஆட்டம் முடிந்ததும், எமிலை நடுவில் உட்காரவைத்தோம். நான் கோப்பைத் தட்டோடு வந்தபோது, பழக்க தோஷத்தில் அவர் எழுந்து அதை வாங்கிக்கொள்ளப் போனார்.

"ஒரு நாளாவது உக்காருய்யா, பெருசு!" என்று அறையே கத்தியது.

கோப்பையை அவர் தூக்கியபோது அந்தச் சுண்டுவிரல் மடங்காமல், ஏதோ ராஜகுடும்பத்துக்காரர்போல, வெளியே நின்றது. டாக்டர் வைல்ஸும் வந்திருந்தார். விரலுக்கு நேர் எதிரே நின்று, எமிலின் முழங்கைக் கோணத்தைக் குறித்துக்கொண்டார்.

லோரெட்டா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் பங்க் சமாச்சாரம் அதற்குள் அவள் ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. நாத்தனார் போன் போட்டு, "எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்றாளாம். ஏழு ரிப்பனையும் திருப்பித் தரவேண்டுமா என்று கண்காட்சிக் கமிட்டி கூடிப் பேசியது. அவள் யாரிடமும் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் மூன்றாம் மாடிக்குத் தெரிந்துவிடும். எமில் முதல் கோப்பையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சீசன் எமிலுக்கு முப்பத்தொரு ஹோம் ரன்னில் முடிந்தது. அடுத்த வருடத்துக்கு முன்கணிப்புத் துறை முப்பத்துமூன்று என்று எழுதி, 'ஐயத்துக்கு இடமில்லை' என்று அடிக்கோடிட்டது. பனிக்காலத்தில் எமிலின் விரல் ஆறிவிட்டது. கை தானாகவே இரண்டு அங்குலம் ஏறி, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் நான்கு அடித்தார்.

படிவம் ஏழு-ஆ வந்தது: 'விளக்கப்படாத வலிமையின்மை.' எமில் எழுதினார்: 'விரல் சரியாகிவிட்டது.' சாயங்காலமே திரும்பி வந்தது. இருநூறு சொற்கள்.

அவர் அதைக் கசக்கப் போனார். லோரெட்டா வாங்கிக்கொண்டாள். பேனாவை எடுத்து, பாலை எவ்வளவு சூடாக்குவது, மாவு எத்தனை முறை பொங்க வேண்டும், பிளம் கூழில் இலவங்கப்பட்டை எப்போது சேர்ப்பது என்று ஒன்று விடாமல் எழுதினாள். கடைசியில், 'இவை எல்லாவற்றையும் என் கையால், என் அடுப்பில் செய்தேன். பெட்ரோல் பங்கில் ஒரு நாளும் வாங்கியதில்லை,' என்று முடித்தாள். மொத்தம் இருநூற்றுப்பதினாறு சொற்கள்.

துறையின் ஆண்டறிக்கையில், இருநூற்றுநாற்பதாம் பக்கத்தில், அது ஓர் எழுத்துக்கூட மாறாமல் அச்சாகியிருந்தது. கீழே டாக்டர் பிரெஸ்டன் வைல்ஸின் கையெழுத்து. லோரெட்டா பதினான்கு பிரதி கேட்டு வாங்கினாள். ஒன்று கண்காட்சிக் கமிட்டிக்கு, ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று நாத்தனாருக்கு. நாத்தனாருக்குப் போன பிரதியில் மட்டும், பக்கத்தின் குறுக்கே விழுந்திருந்த நீல முத்திரையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்:

'விளக்கம் போதுமானது.'